பெசன்ட் நகர் வளைவும் உயிர்மீட்புப் பாடமும்

சென்னை பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனவர்கள் எல்லோரும் அந்த வெள்ளைக் கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். மணலில் தனியாக, கடலைப் பார்த்தபடி ஒரு வளைவு நிற்கும். சினிமாக்களில் கூட பலமுறை வந்திருக்கிறது. சாயங்காலம் ஆனால் அதன் நிழலில் காதலர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். சுண்டல் விற்பவர் சுற்றி வருவார். ஆனால் அது என்ன கட்டடம், யாருக்காகக் கட்டினார்கள் என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது.

அது ஒரு நினைவுச்சின்னம். காய் எரிக் யோல்பி ஷ்மிட் என்ற டென்மார்க்காரருக்காகக் கட்டப்பட்டது. 1930ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் இந்த இடத்துக்கு அருகே அவர் மூழ்கி இறந்தார். அங்கே பதித்திருக்கும் கல்வெட்டு சொல்லும் செய்தி இவ்வளவுதான். அவர் ஒரு மாலுமி என்றும், ஓர் ஆங்கிலேயப் பெண்ணைக் காப்பாற்றப் போனார் என்றும், அன்றைய கவர்னர் மனம் நொந்து இதைக் கட்டச் சொன்னார் என்றும் கதைகள் பல உலவுகின்றன. கதைகள் எப்படியிருந்தாலும் கல்லில் உள்ள செய்தி உண்மை. ஒருவர் பிறர் உயிருக்காகத் தன் உயிரைக் கொடுத்தார்.

சரி, இப்போது ஒரு கேள்வி. அன்று ஷ்மிட்டை யாராவது உடனே கரைக்கு இழுத்து வந்திருந்தால், அங்கே ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர் நின்றிருந்தால், அந்த மாணவருக்கு என்ன செய்யத் தெரிந்திருக்கும்? இன்னொரு கேள்வி. இன்று அதே இடத்தில், அதே நிலையில் ஒருவர் கிடந்தால், பக்கத்தில் நிற்கும் எம்.பி.பி.எஸ். மாணவருக்கு என்ன செய்யத் தெரியும்?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் ஒரு சுவாரஸ்யமான வரலாறு இருக்கிறது. நின்ற மூச்சையும் நின்ற இதயத்தையும் மீட்பது எப்படி என்பதை மனிதர்கள் ஒரே தடவையில் கண்டுபிடித்துவிடவில்லை. கண்டுபிடித்தார்கள், மறந்தார்கள், மறுபடி கண்டுபிடித்தார்கள். ஏன் மறந்தார்கள்? கண்டுபிடித்ததை அடுத்தவர் கைக்குக் கற்றுக்கொடுக்கும் ஏற்பாடு இல்லாததால்தான்!

நீரில் மூழ்கியவர்களால் பிறந்த கலை

உயிர்மீட்பின் வரலாறு மருத்துவமனையில் தொடங்கவில்லை. தண்ணீர்க் கரையில் தொடங்கியது.

1732இல் ஸ்காட்லாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் புகையில் மூச்சுத் திணறி விழுந்த தொழிலாளி ஒருவரை வில்லியம் டாசக் என்ற அறுவை மருத்துவர் வாயோடு வாய் வைத்து ஊதிப் பிழைக்க வைத்தார். அதை 1744இல் எழுதி வெளியிட்டார். அதற்கு முன்பே 1740இல் பாரிஸ் அறிவியல் கழகம் நீரில் மூழ்கியவர்களுக்கு இதே முறையைப் பரிந்துரைத்திருந்தது. அதாவது, இன்று முதலுதவி வகுப்பில் சொல்லித்தருகிற ஒரு விஷயம் ஏறக்குறைய 280 வருடங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது!

ஆம்ஸ்டர்டாம் கால்வாய்கள் நிறைந்த ஊர். தவறி விழுந்து சாகிறவர்கள் அதிகம். 1767இல் அங்கே நீரில் மூழ்கியவர்களை மீட்பதற்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். காப்பாற்றியவர்களுக்குப் பரிசும் கொடுத்தார்கள். நான்கு ஆண்டுகளில் 150 பேரைக் காப்பாற்றியதாக அந்தச் சங்கம் சொன்னது. அதைப் பார்த்து 1774இல் லண்டனில் வில்லியம் ஹாஸ், தாமஸ் கோகன் என்ற இரு மருத்துவர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் பிற்காலத்து ராயல் ஹியூமன் சொசைட்டி.

இந்தச் சங்கங்கள் சொன்ன வழிகளில் நல்லதும் இருந்தது, விபரீதமும் இருந்தது. உடம்பைச் சூடாக்குவது, வாயில் ஊதுவது எல்லாம் சரி. பீப்பாய் மேல் கவிழ்த்துப் போட்டு உருட்டுவது, தலைகீழாகத் தூக்குவது, இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகையைத் துருத்தி வைத்துச் செலுத்துவது! சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அன்றைய மருத்துவர்கள் அதை முழு நம்பிக்கையோடு செய்தார்கள். புகையிலையில் உள்ள நிகோடின் இதயத்துக்கு நஞ்சு என்று 1811இல் பெஞ்சமின் பிராடி விலங்குகளில் சோதித்துக் காட்டிய பிறகுதான் அந்தப் பழக்கம் மெல்ல மறைந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் புகையோடு சேர்ந்து வாயோடு வாய் ஊதுவதும் மறைந்துபோனது. அடுத்தவர் வாயில் வாய் வைப்பது அருவருப்பு என்றும், வெளிவிட்ட மூச்சு கெட்ட காற்று என்றும் நினைத்தார்கள். துருத்தி வைத்து ஊதிப் பார்த்தார்கள். அதில் நுரையீரல் கிழிந்துவிடும் என்ற பயம் வந்ததும் அதையும் விட்டார்கள். சரியான வழி கையில் இருந்தும் நூறு வருடத்துக்கு மேல் அது ஓரங்கட்டப்பட்டது.

கவிழ்த்துப் போட்டு அமுக்கிய காலம்

அதன் பிறகு வந்தவை எல்லாம் கைகளால் மார்பையும் முதுகையும் அமுக்கும் முறைகள். 1856இல் மார்ஷல் ஹால் உடம்பை இப்படியும் அப்படியும் புரட்டச் சொன்னார். 1858இல் சில்வெஸ்டர் மல்லாக்கப் படுக்க வைத்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, பிறகு மார்பின் மேல் அமுக்கச் சொன்னார். 1903இல் ஷேஃபர் என்ற உடலியல் பேராசிரியர் குப்புறப் படுக்க வைத்து முதுகின் கீழ்ப்பகுதியை அமுக்கச் சொன்னார்.

ஷேஃபர் முறை மிகவும் பிரபலமானது. ஒரே ஆள் செய்யலாம், கருவி வேண்டாம், கற்பது சுலபம். பிரிட்டிஷ் ஆட்சி நடந்த இடங்களில் முதலுதவிப் புத்தகங்கள் எல்லாம் அதைத்தான் சொல்லின. எனவே முதல் கேள்விக்கு இங்கே பதில் கிடைத்துவிடுகிறது. 1930இல் சென்னைக் கடற்கரையில் ஒரு மருத்துவ மாணவர் நின்றிருந்தால், அவருக்கு ஏதாவது சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தால், அது ஷேஃபர் முறையாகத்தான் இருந்திருக்கும். சென்னை மருத்துவக் கல்லூரி 1835இல் ஒரு பள்ளியாகத் தொடங்கிய பழம்பெரும் நிறுவனம். ஆனால் கல்லூரி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் உலகத்துக்கே தெரியாததை அது எப்படிக் கற்றுக்கொடுக்கும்? மாணவர் ஷ்மிட்டைக் குப்புறப் போட்டு முதுகை அமுக்கியிருப்பார். கொஞ்சம் காற்று உள்ளே போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். இதயம் நின்றிருந்தால் செய்ய ஒன்றுமே இல்லை.

இங்கே ஒரு தற்செயல். ஷ்மிட் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1932இல், ஷேஃபர் முறையை விட மேலான ஒரு முறையை அறிவித்தவரும் ஒரு டென்மார்க்காரர்! ஹோல்கர் நீல்சன் என்ற ராணுவ அதிகாரி. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர். ஹேண்ட்பால் விளையாட்டுக்கு ஆரம்பகால விதிகளை எழுதியவரும் இவரே. குப்புறப் படுத்தவரின் முதுகை அமுக்குவது, பிறகு முழங்கைகளைப் பிடித்துத் தூக்குவது, இதுதான் அவர் முறை. 1950களில் உலகம் முழுக்க முதலுதவிப் புத்தகங்களில் இந்தப் படம் இருந்தது. வீட்டில் பழைய முதலுதவிப் புத்தகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

மாணவர்கள் படுத்துக்கொடுத்த பாடம்

இவ்வளவு முறைகளில் எது உண்மையிலேயே வேலை செய்கிறது? இதைச் சோதிக்க மூச்சு நின்ற மனிதர் வேண்டும். அப்படி ஒருவரை எங்கே தேடுவது?

1950களில் அமெரிக்காவில் ஜேம்ஸ் எலம் என்ற மயக்க மருந்து நிபுணர், ஒருவர் வெளிவிடும் மூச்சிலேயே இன்னொருவரைப் பிழைக்க வைக்கத் தேவையான ஆக்சிஜன் இருக்கிறது என்று அளந்து காட்டினார். வெளிமூச்சில் 16 சதவீதம் வரை ஆக்சிஜன் மிச்சமிருக்கும். 'கெட்ட காற்று' என்ற பழைய பயம் அதோடு போனது.

அவரிடமிருந்து உற்சாகம் பெற்றவர் பீட்டர் சஃபார். வியன்னாவில் பிறந்து பால்டிமோரில் வேலை பார்த்த மயக்க மருந்து நிபுணர். 1957, 58இல் அவர் செய்த சோதனையை இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள். தாமாக முன்வந்தவர்களுக்குத் தசைகளைச் செயலிழக்க வைக்கும் மருந்தைக் கொடுத்து, அவர்கள் தாமாக மூச்சு விட முடியாத நிலைக்குக் கொண்டுவந்தார். பிறகு ஒவ்வொரு முறையாகச் செய்து பார்த்து அளந்தார். அப்படிப் படுத்தவர்கள் யார்? மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும்தான்! ஊதிக் காப்பாற்றியவர்களில் முன்பின் பயிற்சி இல்லாத பொதுமக்களும் சாரணச் சிறுவர்களும் இருந்தார்கள்.

முடிவு தெளிவாக இருந்தது. குப்புறப் போட்டு முதுகை அமுக்கும் முறைகளில் நாக்கும் தொண்டையும் காற்றுப் பாதையை அடைத்துக்கொள்கின்றன, போதுமான காற்று போவதில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, வாயில் ஊதினால் போகிறது. 1740இல் பாரிஸில் சொன்னது சரி என்று 1958இல் நிரூபணமானது. நடுவில் போனது 200 வருடங்களுக்கும் மேல்.

இரண்டு கைகள் போதும்

மூச்சுக்கு வழி கிடைத்தது. இதயத்துக்கு?

அதுவரை இதயம் நின்றால் மார்பைக் கத்தியால் திறந்து, கையை உள்ளே விட்டுப் பிசைவதுதான் ஒரே வழி. அதை அறுவை அரங்கில்தான் செய்ய முடியும். கடற்கரையில் செய்ய முடியுமா?

அதே பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கூவன்ஹோவன் என்ற மின்பொறியியல் பேராசிரியர் மின்அதிர்ச்சிக் கருவி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். கூடவே வேலை செய்த கய் நிக்கர்பாக்கர் ஒரு மாணவர். 1958இல் ஒரு நாயின் மார்பில் கனமான மின்தகடுகளை அழுத்தி வைத்தபோது, மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே இரத்த அழுத்தம் ஒரு துள்ளு துள்ளுவதை நிக்கர்பாக்கர் கவனித்தார். அழுத்தத்தாலேயே இரத்தம் ஓடுகிறதே! அப்படியானால் கையால் அழுத்தினால்? ஜேம்ஸ் ஜூட் என்ற அறுவை மருத்துவரும் சேர்ந்தார். 1960 ஜூலையில் மூவரும் தங்கள் கட்டுரையை வெளியிட்டார்கள். 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்திருந்தார்கள். இதைச் செய்ய இரண்டு கைகள் இருந்தால் போதும், யாரும் எங்கும் தொடங்கலாம் என்பது அவர்கள் சொன்ன செய்தி.

இங்கேயும் ஒரு மறதிக் கதை உண்டு. 1891இலேயே ஜெர்மனியில் ஃப்ரீட்ரிஷ் மாஸ் என்ற மருத்துவர் மார்பை வெளியிலிருந்து வேகமாக அழுத்தி நோயாளிகளைக் காப்பாற்றி, அதை எழுதியும் வைத்திருந்தார். யாரும் கற்கவில்லை, யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எழுத்து பத்திரமாக இருந்தது, வித்தை போய்விட்டது. நிக்கர்பாக்கரின் கண்ணில் அந்தத் துள்ளல் படுவதற்கு ஏறக்குறைய 70 வருடம் ஆனது.

சஃபாரின் மூச்சும் பால்டிமோர் மூவரின் அழுத்தமும் சேர்ந்ததுதான் இன்றைய சி.பி.ஆர். அது பிறந்த அதே 1960இல்தான் சென்னையில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது என்பது ஒரு கொசுறுத் தகவல்.

பொம்மைக்காரரின் பங்கு

இந்தத் தடவையாவது வித்தை மறக்கப்படாமல் இருந்ததே, எப்படி? அதற்கு ஒரு பொம்மை காரணம்!

மார்பை அழுத்திப் பழக ஆள் வேண்டும். ஆனால் துடிக்கும் இதயம் உள்ள ஆளின் மேல் பழக முடியாது. விலா எலும்பு முறிந்துவிடும். நோயாளி மேல் முதல்முறையாகப் பழகுவதோ அதைவிடக் கொடுமை. நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரில் ஆஸ்மண்ட் லேர்டால் என்ற பொம்மைத் தயாரிப்பாளர் இருந்தார். மென்மையான பிளாஸ்டிக்கில் 'ஆன்' என்ற குழந்தைப் பொம்மையைச் செய்து விற்றவர். அவருடைய சின்ன மகன் ஒருமுறை தண்ணீரில் மூழ்கப் போய், அவரே இழுத்துக் காப்பாற்றியிருந்தார். பியோர்ன் லிண்ட் என்ற மயக்க மருந்து நிபுணரின் தூண்டுதலும், சஃபாரின் யோசனையும் சேர்ந்து 1960இல் ஆள் உயரப் பயிற்சிப் பொம்மை ஒன்றை அவர் கொண்டுவந்தார். அதன் பெயர் 'ரிசஸி ஆன்'. தலையைப் பின்னால் சாய்த்தால்தான் காற்று உள்ளே போகும். சரியாக அழுத்தினால்தான் மார்பு இறங்கும்.

அந்தப் பொம்மையின் முகத்துக்கும் ஒரு கதை. பாரிஸின் செய்ன் நதியில் 19ஆம் நூற்றாண்டில் பிணமாக எடுக்கப்பட்ட, பெயர் தெரியாத ஓர் இளம்பெண்ணின் முகவார்ப்பு என்று ஒரு முகமூடி ஐரோப்பிய வீடுகளில் தொங்கிக்கொண்டிருந்தது. லேர்டால் அந்த முகத்தையே தேர்ந்தெடுத்தார். நீரில் மூழ்கியவள் என்று நம்பப்பட்ட ஒரு பெண்ணின் வாயில் உலகம் முழுக்க மாணவர்கள் மூச்சு ஊதிப் பழகுகிறார்கள்!

யாருக்குக் கற்றுக்கொடுப்பது என்பதிலும் தயக்கம் இருந்தது. 1961லேயே நார்வேயில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொம்மை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அமெரிக்காவில் 1966இல் கூடிய தேசிய மாநாடு மருத்துவத் துறையினருக்கு மட்டும் கற்பிக்கச் சொன்னது. தெரியாதவர்கள் செய்தால் தீங்காகிவிடும் என்ற பயம்தான். பொதுமக்களுக்கும் கற்பிக்கலாம் என்ற நிலைப்பாடு 1974இல் வெளியான வழிகாட்டியில்தான் வந்தது.

இந்தியாவில் பாடம் வந்த பாதை

இனி நம்மூர். இந்தியாவில் மயக்க மருந்து நிபுணர்களுக்கு சி.பி.ஆர். ஆரம்பத்திலிருந்தே தெரியும். அறுவை அரங்கில் அவர்களுக்கு அது அன்றாட அவசியம். ஆனால் எம்.பி.பி.எஸ். மாணவருக்கு?

முறையாகப் பயிற்சி கொடுக்கும் ஏற்பாடு முதலில் வந்தது பச்சிளங்குழந்தைகளுக்காக. பிறந்தவுடன் அழாத, மூச்சு விடாத குழந்தையை மீட்கும் பயிற்சியை தேசிய பச்சிளங்குழந்தை மருத்துவர் அமைப்பு 1990இல் இந்தியாவில் தொடங்கியது. பொம்மை, முகமூடி, கையால் அமுக்கும் காற்றுப் பை ஆகியவற்றை வைத்து மருத்துவர்களும் செவிலியர்களும் பழகினார்கள். 2009இல் மத்திய அரசு நவஜாத் சிசு சுரக்ஷா காரியக்ரம் என்ற திட்டத்தின் மூலம் இதை அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறைகளுக்குக் கொண்டுபோனது. முதல் ஒரு நிமிடத்துக்குள் குழந்தைக்கு மூச்சு கிடைக்க வேண்டும் என்பதால் அதைத் 'தங்க நிமிடம்' என்கிறார்கள்.

பெரியவர்கள் விஷயத்தில் காகிதம் முந்திக்கொண்டது, கை பின்தங்கியது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 1997ஆம் ஆண்டு விதிமுறைகளில் மயக்கவியல் பகுதியில், மாணவருக்கு வரவேண்டிய திறன்களில் ஒன்றாக உயிர்மீட்பும் குறிப்பிடப்பட்டிருந்தது. ஆனால் அதைப் பழகப் பொம்மையும் தனிக் கூடமும் எல்லாக் கல்லூரிகளிலும் இருக்க வேண்டுமே! மயக்கவியலுக்கு ஒதுக்கிய சில நாட்களில் பார்த்தது பாதி, கேட்டது பாதி. மீதியை ஹவுஸ் சர்ஜனாக வார்டில் நிற்கும்போது சீனியர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். அதாவது பல மாணவர்கள் முதன்முதலில் மார்பை அழுத்தியது ஓர் உண்மையான நோயாளியின் மேல், நள்ளிரவில், உறவினர்கள் கதவுக்கு வெளியே நிற்கும்போது.

இதற்குள் சுற்றிலும் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. 2009இல் அவசர மருத்துவம் தனித் துறையாக மருத்துவக் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றது. 2017இல் இந்திய மயக்கவியல் சங்கத்தைச் சார்ந்த இந்திய உயிர்மீட்புக் கவுன்சில், இந்தியச் சூழலுக்கு ஏற்ற வழிகாட்டிகளை வெளியிட்டது. பயிற்சி இல்லாத பொதுமக்களுக்கு ஊதாமல் அழுத்த மட்டும் சொல்லும் முறை, மருத்துவமனைக்கு வெளியே இருக்கும் மருத்துவத் துறையினருக்கு ஒரு முறை, மருத்துவமனைக்குள் செய்வதற்கு ஒரு முறை என மூன்றாகப் பிரித்தது.

பெரிய திருப்பம் 2019. அந்த ஆண்டு எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களிலிருந்து பாடத்திட்டமே மாறியது. என்ன படித்தாய் என்பதை விட என்ன செய்யத் தெரியும் என்று கேட்கும் திட்டம் அது. கல்லூரியில் நுழைந்தவுடன் நடக்கும் அடிப்படைப் பயிற்சியிலேயே முதலுதவியும் உயிர்காப்பும் இடம்பெற்றன. பின்னர் மயக்கவியல் பாடத்தில், பெரியவர், குழந்தை, பச்சிளங்குழந்தை என மூன்று பேருக்கும் உயிர்மீட்பின் படிகளைச் சொல்லி, பொம்மையின் மேல் செய்தும் காட்ட வேண்டும். இதற்காகக் கல்லூரிகளில் திறன் பயிற்சிக் கூடம் கட்டாயமானது. காகிதத்தில் இருந்த வரி கைக்கு இறங்கியது.

பொம்மை முன்னால்

அந்தக் கூடத்தில் என்ன நடக்கிறது? கேட்பதற்கு எளிமையாக இருக்கும். ஆபத்தான இடமா என்று பார். தோளைத் தட்டிக் கூப்பிடு. உதவிக்கு ஆள் அனுப்பு. மூச்சும் நாடியும் இருக்கிறதா என்று 10 விநாடிக்குள் பார். இல்லையென்றால் மார்பின் நடுவில் கைகளை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்து. ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுவதும் எழும்ப விடு. 30 அழுத்தம், 2 மூச்சு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறு.

எழுதிவிட்டால் ஒரு பத்திதான். செய்து பார்த்தால்தான் தெரியும்! 5 சென்டிமீட்டர் என்பது பொம்மையில் எவ்வளவு பலம் கேட்கிறது என்று முதல்முறை அழுத்துபவர் திகைத்துப்போவார். ஒரு நிமிடத்திலேயே கை தளரும், வேகம் கூடும், ஆழம் குறையும். அழுத்துபவருக்கே அது தெரியாது. பக்கத்தில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும். மேலும், முறைகளும் மாறிக்கொண்டே வருகின்றன. 2005இல்தான் 30க்கு 2 என்ற கணக்கு வந்தது. 2010இல்தான் மூச்சுக்கு முன்னால் அழுத்தம் என்று வரிசை மாறியது. பத்து வருடத்துக்கு முன் கற்றவர் இன்று மாணவராக வேண்டும்.

இன்னொரு சிக்கல் மறதி. உயிர்மீட்புத் திறன் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தேயத் தொடங்கிவிடுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சைக்கிள் ஓட்டுவது போல ஒருமுறை கற்றால் போதும் என்ற கதை இங்கே செல்லாது. முதலாண்டில் ஒரு நாள் பொம்மையைத் தொட்டுவிட்டு, ஹவுஸ் சர்ஜனாகும்வரை தொடாமல் இருந்தால், அது கற்காததற்குச் சமம்.

ஆனால் நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு அடிக்கடி பயிற்சி கொடுக்க ஆசிரியர்கள் எங்கே? இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் மூத்த மாணவர்களையே பயிற்சியாளர்களாக்கினார்கள். அவர்களிடம் கற்ற மாணவர்கள், மருத்துவ ஆசிரியர்களிடம் கற்றவர்களுக்குச் சற்றும் குறையவில்லை என்று 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. மூன்றாமாண்டு அண்ணனும் அக்காவும் முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நம் கல்லூரிகளுக்குப் புதிதா என்ன? உடற்கூறியலையும் உடலியலையும் தேர்வுக்கு முந்தின ராத்திரி அப்படித்தானே பாதிப் பேர் படிக்கிறார்கள்! அதையே பொம்மையின் முன்னாலும் செய்தால் இருவருக்கும் லாபம். சொல்லிக்கொடுப்பவருக்கு மறக்காது.

மறுபடியும் கடற்கரை

இப்போது இரண்டாவது கேள்விக்கு வரலாம். இன்று பெசன்ட் நகர் மணலில் ஒருவரைத் தூக்கி வந்து கிடத்துகிறார்கள். கடலில் தத்தளிப்பவரை முதலில் எட்டுவது பெரும்பாலும் ஊரூர் குப்பம், ஓல்காட் குப்பம் போன்ற மீனவக் குப்பங்களில் வாழ்பவர்கள்தான். சுற்றிக் கூட்டம் கூடுகிறது. யாரோ ஒருவர் வயிற்றை அமுக்குகிறார். சினிமாவில் ஹீரோ அப்படித்தானே செய்வார்? வயிற்றை அமுக்கினால் வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சும், ஹீரோயின் இருமிக்கொண்டே கண் விழிப்பார்.

உண்மையில் அது 1770களின் பீப்பாய் வைத்தியம்தான். வயிற்றை அமுக்கினால் வெளியே வருவது நுரையீரலில் போன தண்ணீர் இல்லை. இரைப்பையில் இருப்பது. அது தொண்டை வழியாக வந்து காற்றுப் பாதைக்குள் இறங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். அதைவிட, அமுக்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் மூளை ஆக்சிஜன் இல்லாமல் கிடக்கிறது. நான்கிலிருந்து ஆறு நிமிடத்துக்குள் மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும்.

பயிற்சி பெற்ற மாணவர் இங்கே இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். மாரடைப்பில் திடீரென்று விழுந்தவரின் இரத்தத்தில் கொஞ்ச நேரத்துக்கு ஆக்சிஜன் இருக்கும். அதனால் அழுத்தம் மட்டுமே கூட உதவும். நீரில் மூழ்கியவர் கதை வேறு. அவருக்கு முதலில் போனது மூச்சு, மூச்சு போனதால்தான் இதயம் நின்றது. ஆகவே அவருக்கு முதலில் மூச்சு, பிறகு அழுத்தம். அழுத்தத்தை மட்டும் கற்றவர் கடற்கரையில் பாதிதான் கற்றவர். எல்லோருக்கும் சுலபமான முறையைச் சொல்லிக்கொடுப்பது சரி. மருத்துவ மாணவருக்கோ எப்போது எது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தானே அவர் மருத்துவம் படிக்கிறார்?

2018லிருந்து ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 16ஆம் தேதி உலகம் முழுக்க இதய மீட்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று பொம்மைகளைப் பள்ளிக்கும் மைதானத்துக்கும் எடுத்துப்போய்ப் பொதுமக்களுக்குச் சொல்லித்தருகிறார்கள்.

1740இல் பாரிஸில் தெரிந்த மூச்சும், 1891இல் ஜெர்மனியில் தெரிந்த அழுத்தமும் புத்தகத்தில் பத்திரமாகத்தான் இருந்தன. 1930 டிசம்பர் 30இல் அவை இந்தக் கடற்கரைக்கு வந்து சேரவில்லை. புத்தகத்தில் இருப்பது கைக்கு வருவதற்கு ஒரு பொம்மையும், ஒரு வகுப்பும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே வகுப்புக்குத் திரும்பி வரும் பொறுமையும் வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை பெசன்ட் நகருக்குப் போகும்போது அந்த வெள்ளை வளைவின் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஷ்மிட்டுக்கு நீந்தத் தெரிந்திருந்தது, துணிச்சலும் இருந்தது. கரையில் இருந்தவர்களுக்குத்தான் அன்று ஒன்றும் தெரிந்திருக்க வழியில்லை. இன்று வழி இருக்கிறது.